வாரத்துக்கு விட்ட முட்டை

வாங்க தம்பி, போன்ல பேசினது நீங்கதானுங்களே? பைக்கை அந்த வேப்பமரத்தடியில நிறுத்துங்க, இல்லாட்டி வெயில் சீட்டைப் பொசுக்கிப் போடும். முட்டை பொரிக்கற பெட்டி அதோ, சாக்கு போத்தி வெச்சிருக்குது பாருங்க. சாக்கை எடுத்துட்டு மூடியைத் தூக்குங்க. பல்பு எரியுதா, காத்தாடி சுத்துதா, எல்லாம் தாராளமாப் பாருங்க. பொருளைக் கண்ணால பாக்காம விலை பேசறவன் பொழைக்கத் தெரியாதவன். ஆனா போன்ல சொன்னதுல சல்லிக்காசு கொறைக்க மாட்டேன். கேட்டுப் பாருங்க, கேக்கறது உங்க இஷ்டம். கொறைக்காம இருக்கறது என்ற இஷ்டம்.

ஏன் விக்கறேன்னா கேக்கறீங்க? வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பெட்டி நல்ல பெட்டி தம்பி. அது மேல ஒரு குத்தமும் இல்லை. முட்டை கொடுத்தவ மேலதான் குத்தம்.

சொல்றேன், நீங்க பாத்துக்கிட்டே கேளுங்க.

நான் சென்னியப்பன், ஆட்டு யாவாரி. சந்தையில துண்டு போட்டுப் பேசறவன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், துண்டுக்கு அடியில ரெண்டு பேர் கையும் இருக்கும், விரலைப் புடிச்சு விலை சொல்றது. எங்கப்பன் சாகறப்ப எனக்கு மீசை மொளைக்கலை. ஒரு தரகன் பின்னால நின்னு தொழில் கத்துக்கிட்டேன். ஒரு தடவை விரலை மாத்திப் புடிச்சுட்டேன்னு சந்தை நடுவுல செவுள்ள ஒண்ணு விட்டான் பாருங்க, இந்தக் காது இன்னிக்கும் கொய்யிங்குது. அந்த அறையில ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். எவனும் எதையும் சும்மா கொடுக்க மாட்டான். சும்மா கொடுத்தான்னா உள்ள என்னமோ இருக்குதுன்னு அர்த்தம்.

இந்தப் பெட்டியை எப்படி வாங்கினேங்கறீங்க? ஈரோட்டுக்கு அந்தாண்ட ஒருத்தர் செஞ்சு விக்கறாரு. அவர் பட்டறையில அரை நாள் உக்காந்துட்டேன். வர்றவனுக்கெல்லாம் நானே எடுத்து விலை சொல்ல ஆரம்பிச்சுட்டேன்னா பாத்துக்கங்க. கடைசில மனுசன் தலையில கையை வெச்சுக்கிட்டு, "அண்ணா, உள்ள ஈரம் காட்டற மீட்டர் ஒண்ணு வருது. அதைக் கழட்டிக்கிட்டா நீங்க சொல்ற விலை கட்டும்"னாரு. கழட்டுன்னுட்டேன். கோழி என்ன மீட்டர் வெச்சுக்கிட்டா அடை படுக்குது? வண்டியில ஏத்தினப்பறம் பின்னாலயே ஓடி வர்றாரு. "குஞ்சு உள்ள இருந்து ஓட்டைக் கொத்தி மூக்கு வெச்சதுக்கப்பறம் மூடியைத் திறந்துடாதீங்கண்ணா. உள்ள இருக்கற ஈரம் போயிடும்." விக்கற வரைக்கும் பேச்சைக் காணோம், வித்தப்பறம் வருது பேச்சு. சரி சரின்னுட்டு வந்துட்டேன்.

பெட்டி வந்த சேதி ஊருக்குள்ள போனதும் மொத ஆளா வந்தவ பூவாத்தாக்கா. அதா, அந்தக் கள்ளிவேலிக்கு அந்தப்பக்கம் ஓட்டு வூடு தெரியுது பாருங்க, பூட்டிக் கெடக்குதே, அதுதான் அவ வூடு. அவ புருசன் கருப்பணன் பெரிய சேவக்கட்டுக்காரன். கருப்பணன் வூட்டுக் கீரிச் சேவல்னா நாலு சந்தைக்குத் தெரியும். கீரிப்புள்ளை நெறத்துல இருக்கும், கழுத்து இத்தனை நீளம், களத்துல பின்வாங்கின சரித்திரம் இல்லை. அவன் இருந்தவரைக்கும் அந்த வம்சத்துல ஒரு குஞ்சு வெளிய போனதில்லை. ஒறம்பரை, சொந்தபந்தம் யாராச்சும் முட்டை கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டான், கொடுப்பான். கொடுக்கறதுக்கு முன்னால ஊசியால முனையில ஒரு குத்து. கண்ணுக்குத் தெரியாது. கொண்டுபோய் அடை வெச்சா கூமுட்டைதான். அவன் மட்டும் பண்றதில்லைங்க, சேவல் வளக்கறவங்கள்ல பாதிப்பேரு பண்றதுதான். இதை மனசுல வெச்சுக்கங்க. பின்னால வரும்.

கருப்பணன் செத்தான். புள்ளை குட்டி இல்லை. தாராபுரத்துல அவ அண்ணன் இருக்கறாரு, வசதியான ஆளு. "தனியா என்னத்துக்குக் கெடக்கறே, வந்து வூட்டோட இரு"ன்னு மாசத்துக்கொருக்கா ஆள் விடுவாரு. இவ போகலை. "அண்ணன் வூட்ல இருக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா சென்னியப்பா? மொதல்ல விருந்து, அப்பறம் ஒத்தாசை, அப்பறம் பத்துப்பாத்திரம். நாலு கோழி என்ற வாசல்ல மேஞ்சாப் போதும், நான் என்ற வூட்லயே இருந்துக்குவேன்"பா. அப்படித்தான் இருந்தா. சண்டைக்கு வளத்த சேவலை வித்துத்தான் சோறு, சேலை எல்லாம். முட்டையும் பெட்டையும் அவளும் வெளிய விடலை.

போன மழை முடிஞ்ச கையோட கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் சீக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல கொடாப்புக் கொடாப்பா கோழி காலி. அவளுதுல ஒரே ஒரு பெட்டை மிஞ்சிச்சு. சேவல் கடைசியாச் செத்துச்சு. அன்னிக்கு அவ அழுதது கருப்பணனுக்கு அழுததை விட ஒரு பங்கு கூடத்தான்னு எம்பொண்டாட்டி துளசிமணி சொன்னா.

அப்பறம் ஒருநாள் கூடையில தவிட்டைக் கொட்டி, அதுல பதிமூணு முட்டையைப் பதிச்சு எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிக்கறா.

"சேவல் செத்தாலும் பெட்டை வயித்துல கொஞ்ச நாளைக்குக் கரு நிக்கும் தம்பி. அதுக்குள்ள வெச்ச முட்டை இது. இதுக்கு மேல வெக்கறதுல உசிரு இருக்காது. அந்தப் பெட்டையையே அடை வெக்கலாம்தான், சீக்குல தப்பின கோழி, பாதியில எந்திரிச்சாலோ செத்தாலோ எல்லாம் போச்சு. உன்ற பெட்டியில வெச்சுக் கொடு. வாரத்துக்கு வெச்சுக்கலாம்."

வாரம்னா உங்க பக்கமும் இருக்குமே? கோழி ஒருத்தருது, வளக்கறது இன்னொருத்தர், குஞ்சுல ஆளுக்குப் பாதி. நான் விடுவனா? "கரண்டு என்னுது, பெட்டி என்னுது, பாத்துக்கறது என்ற பொண்டாட்டி. மூணுல ரெண்டு பங்கு எனக்கு, ஒண்ணு உனக்கு"ன்னேன்.

"ஊர் வழக்கம் பாதிதானே தம்பி?"

"ஊர்ல எவன்கிட்டப் பெட்டி இருக்குதோ அவன்கிட்டப் போ."

சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். குளிச்சேன், சாப்பிட்டேன், கட்டில்ல சித்தெ கண்ணசந்தேன். எந்திரிச்சு வந்து பாத்தா அதே எடத்துல கூடையோட நிக்கறா. துளசிமணி தண்ணி கொடுத்திருக்கறா போல, சொம்பு பக்கத்துல இருக்குது. "சரி தம்பி, உன்ற இஷ்டம். பத்திரமாப் பாத்துக்க, இது போச்சுன்னா நான் அண்ணன் வூட்டுக்குத்தான் போகோணும்"னா.

சட்டுனு ஒத்துக்கிட்டா பாருங்க. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும். வரலை.

முட்டையை வெச்சோம். திருப்பி விடறது எல்லாம் துளசிமணிதான். எனக்குக் கோழிக்குஞ்சு புதுசு தம்பி, ஆடு போடற குட்டியைத்தான் கையில ஏந்தியிருக்கறேன். ஒரு வாரம் போயி கதவைச் சாத்திட்டு டார்ச் அடிச்சுப் பாத்தோம். முட்டைக்குள்ள செவப்பா நரம்பு ஓடுது, நடுவுல ஒரு புள்ளி துடிக்குது. துளசிமணி வாயில கையை வெச்சுக்கிட்டா. ரெண்டு முட்டையில மட்டும் ஒண்ணுமில்லை, எடுத்துப் போட்டோம். பாக்கி அத்தனையிலயும் துடிப்பு.

அவ கொடுத்தது ஊசி குத்தின முட்டைன்னா எப்படித் துடிப்பு வரும்னு நீங்க கேக்கறீங்க. கேக்கலையா? சரி, மூஞ்சி கேக்குது. குத்தினதும் கொஞ்ச நாளைக்கு வளந்து, அப்பறம்தான் சாகுமாம். மூலனூர்க்காரர் சொன்னாரு. அவரு யாருன்னு சொல்றேன்.

பூவாத்தாக்கா தெனமும் வருவா. வாசப்படி தாண்ட மாட்டா. நான்தான், வந்தவளுக்குக் காட்டோணும்னு மூடியைத் தூக்கிப் புடிப்பேன். ரெண்டு கையையும் ஆட்டுவா. "மூடு தம்பி, மூடு, காத்துப் படுது." இதையேதான் தெனமும் சொல்லுவா. அப்பறம் ஒருநாள் சொன்னா, "குஞ்சு ஓட்டுல மூக்கு வெச்சதுக்கப்பறம் நீ கிட்டவே போகாதே. தாய்க்கோழி எரை தண்ணி இல்லாம அசையாமப் படுத்துக்கும், பாத்திருக்கியல்ல? அதுக்குத் தெரியும். குஞ்சு தானா ஒடைச்சுட்டு வரோணும்."

"வராட்டி?"

"வரும். நேரமாகும். வராட்டி, அது வர்ற குஞ்சு இல்லை."

எனக்கு இந்தப் பேச்சே புடிக்காதுங்க. வராட்டி வராதாம். சும்மா உக்காந்துக்கிட்டு இருந்தா எனக்கு எவன் சோறு போட்டான்? ஆடு குட்டி போட முடியாம மொனகறப்ப நானே கையை விட்டு இழுத்திருக்கறேன். தாயும் பொழைச்சிருக்குது, குட்டியும் பொழைச்சிருக்குது.

பொரிக்கற நாள் வந்துச்சு. வெடியால பெட்டிக்குள்ள இருந்து கீச்சு கீச்சுனு சத்தம். ஓட்டுக்குள்ள இருந்துக்கிட்டே கத்துதுங்க! நான் மூடியைத் தூக்கினேன். நாலஞ்சு முட்டையில சின்னதா விரிசல், ஒண்ணுல ஓட்டை, ஓட்டையில மூக்கு. அடடா, அப்படி ஒரு சந்தோசம். மூலனூர்க்காரருக்குப் போனைப் போட்டேன். அவரு சேவல்ல பைத்தியம். கருப்பணன் கால்ல விழுந்தும் ஒரு குஞ்சு வாங்க முடியாத ஆளு. என்ற பங்குல குஞ்சு தர்றேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். கார்ல வந்து எறங்கிட்டாரு, கூட ரெண்டு பேரு. வந்தவங்களுக்குக் காட்டாம இருக்க முடியுமா? மூடியைத் தொறந்து வெச்சு ஒவ்வொரு முட்டையா எடுத்துக் காட்டினேன். காதுல வெச்சுக் கேட்டாங்க. செல்லுல போட்டோ புடிச்சாங்க. துளசிமணி பின்னால நின்னு, "மாமா, அக்கா சொல்லுச்சு, மூடுங்க மாமா"ங்கறா. உள்ள போய் காப்பி போடுன்னு ஒரு அதட்டு அதட்டினேன்.

உச்சி நேரமாச்சு. மூக்கு வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது. திறந்து பாக்கறேன், ஒண்ணுமில்லை. மூடறேன். மறுபடி திறக்கறேன். ஓட்டுக்கு உள்பக்கம் வெள்ளையா ஒரு சவ்வு இருக்குமில்லைங்க, அது காஞ்சு, காகிதமாட்டம் குஞ்சு மேல ஒட்டிக்கிச்சு. குஞ்சு திரும்ப முடியாமக் கத்துது. மூலனூர்க்காரர், "எடுத்து விடப்பா, செத்துரும் போல இருக்குது"ங்கறாரு. நகத்தால ஓட்டைப் பேத்தேன். சவ்வை உரிச்சேன். ரத்தம் வந்துச்சு தம்பி. சின்னச் சின்ன நரம்பா, ரத்தம். என்ற கையில ரெண்டு தடவை வாயைத் தொறந்து மூடிச்சு, தலை தொங்கிப் போச்சு.

அடுத்ததையாச்சும் காப்பாத்தலாம்னு இன்னும் சீக்கிரமாப் பேத்தேன். அதுவும் அப்படியே. அதுக்கடுத்ததும் அப்படியே. நான் எதையும் விட்டுட்டு வேடிக்கை பாக்கறவன் இல்லைங்க. வரிசையா எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். வெரலெல்லாம் பிசுபிசுன்னு ஆயிப் போச்சு. தாம்பாளத்துல வரிசையா வெச்சது அப்படியே கெடக்குது, சிலதுல தொப்புள்ல மஞ்சக்கரு இன்னும் உள்ள போகாமத் தொங்குது. ரெண்டு முட்டைதான் பாக்கி, அதுல விரிசலே இல்லை.

மூலனூர்க்காரர் கையைத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. "சென்னியப்பா, ஊசி போட்டுக் கொடுத்துட்டாளோ?"

எனக்குச் சுருக்குனு பட்டுச்சு. சட்டுனு ஒத்துக்கிட்டாளே!

அன்னிக்குச் சந்தை நாள். போட்டது போட்டபடி கெளம்பிட்டேன். பூவாத்தா சாக்கை விரிச்சு முருங்கைக்காய் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எதிர்ல போய் நின்னேன்.

"ஏனக்கா, ஊசி எத்தனாம் நம்பர்?"

"என்ன ஊசி?"

"உன்ற புருசன் சீதனமா விட்டுட்டுப் போனானே, அந்த ஊசி!"

சுத்தி இருந்தவனெல்லாம் சிரிச்சுட்டான். அவ சிரிக்கலை. எந்திரிச்சு என்ற கையைப் பாத்தா. கழுவாமயே வந்துட்டனுங்களே.

"எத்தனை பொரிச்சுது தம்பி?"

"நீ குத்திக் கொடுத்தது எப்படிப் பொரிக்கும்?"

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட!"

அப்பறம் மெதுவா, "திறந்தியா?"ங்கறா.

பாத்தீங்களா, பழியை எப்படித் திருப்பறா! என்ற பெட்டி, நான் திறப்பேன், தலைகீழா நிறுத்துவேன், உனக்கென்னடின்னு சத்தம் போட்டேன். வம்சம் வெளிய போகக்கூடாதுன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு ஊரை ஏமாத்தற திருட்டுச் சிறுக்கின்னேன். இன்னும் சொன்னேன், அதெல்லாம் உங்ககிட்ட வேண்டாம். கால் பட்டு முருங்கைக்காய் செதறிப் போச்சு. சென்னியப்பன் எட்டி உதைச்சான்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. கால் பட்டுதுங்க. அவ்வளவுதான்.

அவ ஒவ்வொரு காயாப் பொறுக்கிச் சாக்குல போட்டுக்கிட்டுப் போயிட்டா.

பொழுதோட, இருட்டற நேரம், நான் இங்க, இந்த எடத்துலதான் உக்காந்திருக்கறேன். வர்றா. ஒரு கக்கத்துல அந்தப் பெட்டைக் கோழி, கையில சூரிக்கத்தி. நான் என்னமோ என்னைக் குத்த வர்றான்னு எந்திரிச்சுட்டேன். அவ என்னைப் பாக்கவேயில்லை. வாசல்ல குந்த வெச்சு உக்காந்தா. கோழியைத் தடவிக் கொடுத்தா. அது கொக்கு கொக்குனு சொல்லிக்கிட்டு மடியில ஒதுங்குது. ஒரே இழுப்பு. அது அடங்கற வரைக்கும் மடியில வெச்சு அமுக்கிக்கிட்டே இருந்தா. அப்பறம் வயித்தைக் கீறி, உள்ள கையை விட்டு எடுத்தா பாருங்க, முட்டைக்கொத்து. கடுகுல இருந்து எலுமிச்சங்காய் வரைக்கும், மஞ்ச மஞ்சளா, கொத்தா. இனி வெக்க வேண்டிய முட்டை அத்தனையும்.

அதைக் கொண்டுவந்து இந்த மூடி மேல வெச்சா.

"இதுலயும் குத்தியிருக்கறனான்னு ஒண்ணொண்ணாப் பாத்துக்க சென்னியப்பா. ஊசி போடறதுக்கு இனி என்றகிட்ட முட்டை இல்லை."

போயிட்டா. கோழி அங்கயே கெடந்துச்சு. நல்ல பெட்டைங்க, ரெண்டரை கிலோ தாராளமா வரும். கொழம்பாவது வெச்சிருக்கலாம். துளசிமணி கடப்பாரையை எடுத்துட்டுப் போய் அந்த முருங்கை மரத்தடியில குழி தோண்டி, கோழி, குஞ்சு எல்லாத்தையும் போட்டு மூடிட்டா. அவதான் மூடியைக் கழுவினா. அந்த ஓரத்துல மஞ்சளா ஒரு கறை தெரியுது பாருங்க, அதுதான். சோப்புப் போட்டாப் போயிடும்.

இப்பக் கேளுங்க கூத்தை. விரிசல் விடாத அந்த ரெண்டு முட்டை பெட்டியிலயே இருந்துச்சு. எனக்கு அது ஞாபகமே இல்லை. துளசிமணி ஈரத்துணியை உள்ள வெச்சு, மூடியை அமுக்கி, மேல அம்மிக்கொழவியைத் தூக்கி வெச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்திருக்கறா. என்னைக் கிட்ட விடலை. மறுநாள் வெடிஞ்சு பாத்தா ஒண்ணு தானா ஒடைச்சுக்கிட்டு வந்து நிக்குது! கீரி நெறம். காலு திடமா, கண்ணு மணியாட்டம். யாரும் தொடலை, ஒண்ணும் பண்ணலை. இன்னொண்ணு பொரிக்கவேயில்லை.

இதுக்கு என்ன அர்த்தம்? அந்த ஒரு முட்டைக்கு ஊசி போட மறந்துட்டா. அதைத்தான் நான் துளசிமணிகிட்டச் சொன்னேன். அன்னியில இருந்து அவ என்றகிட்டப் பேசறதில்லை. சோறு வெக்கறா, தண்ணி வெக்கறா. பேச்சு மட்டும் இல்லை.

குஞ்சு பொரிச்ச சேதி சொல்ல துளசிமணி வேலியைத் தாண்டி ஓடினா. வூடு பூட்டிக் கெடந்துச்சு. பூவாத்தா மொத பஸ்ஸுக்கே அண்ணன் வூட்டுக்குக் கெளம்பிப் போயிட்டாளாம்.

அதா பாருங்க, குப்பைமேட்டுல நிக்கறானே, அவன்தான் அந்தக் குஞ்சு. எப்படி வளந்துட்டான்! மூலனூர்க்காரர் மூணு தடவை வந்துட்டாரு. கேட்ட வெலை கொடுக்கறேங்கறாரு. எப்படிக் கொடுக்கறது? வாரம் தீரலையே. மூணுல ரெண்டு பங்கு என்னுது, ஒரு பங்கு அவளுது. இருக்கறது ஒத்தைச் சேவல். றெக்கையை அவளுக்குக் கொடுக்கறதா, காலைக் கொடுக்கறதா? நான் யாவாரி. கணக்குத் தீக்காம அடுத்தவன் பங்கைத் தொட மாட்டேன்.

அதுக்காகவே கூடையில போட்டுக்கிட்டு தாராபுரம் போனேன். அண்ணன் வூட்டுப் பின்பக்கம் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தா. உள்ள இருந்து அண்ணன் பொண்டாட்டி, "ஏ பூவா, குண்டாவை அழுத்தித் தேய்"ங்குது. நான் கூடையைத் தொறந்து காட்டினேன். எட்டிப் பாத்தா. கையில சாம்பல், அப்படியே நிறுத்திட்டா. கொஞ்ச நேரம் பாத்தா.

நான் சொன்னேன், "அக்கா, ரெண்டு பங்கு வேண்டாம். ஊர் வழக்கப்படி பாதியே வெச்சுக்கலாம்."

பேசலை.

"சரி, உனக்கு முக்கால்." அதுக்கும் பேசலை. "முழுசாவே எடுத்துக்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னுட்டேன். தம்பி, எத்தனை வருசமாத் துண்டு போட்டுப் பேசறேன், யாருக்கும் நான் இத்தனை எறங்கினதில்லை. எறங்கிக்கிட்டே போறேன், அந்தப்பக்கம் விரலே அசைய மாட்டேங்குது.

கடைசில சொன்னா. "பெட்டை இல்லாமச் சேவல் ஒத்தையா என்னத்துக்குத் தம்பி ஆகும்?" சொல்லிட்டுக் குண்டாவைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டா.

பெட்டையை அறுத்தது யாரு? நானா அறுத்தேன்? அவதானே அறுத்தா! கேட்டிருப்பேன், வேத்து வூடாச்சேன்னு வந்துட்டேன்.

என்ன, சேவலுக்கு வெலையா கேக்கறீங்க? பெட்டியைப் பாக்க வந்தீங்க, பெட்டியைப் பாருங்க. அது விக்கறதுக்கில்லை. இல்லைன்னா இல்லைங்க, எத்தனை தடவை சொல்றது? பெட்டிக்கு நீங்க கொறைச்சுக் கேட்ட வெலையையே கொடுங்க, போங்க. கட்டி எடுத்துட்டுப் போங்க. எனக்கு இது இங்க இருக்க வேண்டாம்.

ஈரம் காட்டற மீட்டர் மட்டும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்க. அதுல வெலை பேசிக்கிட்டு நிக்காதீங்க.

தம்பி, மூடியை மூடுங்க. வந்ததுல இருந்து தூக்கிப் புடிச்சுக்கிட்டே நிக்கறீங்க. மூடுங்கன்னா மூடுங்க! உள்ள ஒண்ணுமில்லை, எனக்குத் தெரியாதா? இல்லாட்டியும் மூடுங்க. காத்துப் படுது.